மாண்டோவிக் கப்பலில் ஏறும் முன்

மைசூரில் 1891-லேயே ரேஸ் கிளப் வந்துவிட்டது. குதிரை மேல் பணம் கட்டலாம். கேசினோதான் கர்நாடகத்தில் எங்கும் கிடையாது. கடலும் வேண்டும், ஒரு ராத்திரி கேசினோவும் பார்க்க வேண்டும் என்கிற நம்மூர்க் குடும்பங்கள் போவது கோவாவுக்கு. அங்கே பணஜி நகரை ஒட்டி மாண்டோவி ஆற்றில் கேசினோக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. கோவாக்காரர்களுக்கே 2020 பிப்ரவரி முதல் அவற்றில் ஆட அனுமதி இல்லை. வெளியூர்க்காரர் பணத்தில்தான் கடை ஓடுகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள்.

செய்ய வேண்டியவை

நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரம் மட்டும் வேண்டாம். அறை வாடகை கன்னாபின்னாவென்று ஏறும். தசரா விடுமுறையிலும் போகலாம், ஆனால் கடற்கரைக் குடில் உணவகங்களை அப்போதுதான் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

காரில் ஷிவமொக்கா, ஹொன்னாவர, கார்வார் வழியாகச் சுமார் 600 கிலோமீட்டர். ஒரே மூச்சில் ஓட்டாமல் கோகர்ணத்தில் ஒரு ராத்திரி தங்குங்கள். விமானம் என்றால் கோவாவில் இரண்டு நிலையங்கள்: பழைய டபோலிம் ஒன்று, வடக்கே 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மோபா இன்னொன்று. டிக்கெட்டில் எது என்று பார்த்துவிட்டு அறை போடுங்கள். மோபாவில் இறங்கிப் பாலோலெமில் அறை போட்டவர், மாநிலத்தின் அந்தக் கோடி வரைக்கும் டாக்சிக்குத் தண்டம் அழ வேண்டும்.

பெரியவர்களும் குழந்தைகளும் கூட வந்தால் தெற்குக் கோவாதான் சரி: கொல்வா, பெனோலிம் பக்கம். கேசினோ ராத்திரிக்கு மட்டும் பணஜியிலேயே தங்குங்கள். ஓலா, ஊபர் அங்கே ஓடுவதில்லை. கோவாமைல்ஸ் செயலி உண்டு என்றாலும் நடுராத்திரியில் அதை நம்பி நிற்க வேண்டாம்.

ஓட்டல் கணக்கையும் திரும்பும் டிக்கெட்டையும் முடித்துவிட்டுக் கப்பல் ஏறுங்கள். போனால் போகட்டும் என்கிற தொகை எவ்வளவு என்று மைசூரிலேயே கணவனும் மனைவியும் பேசி வைத்து, அதை ரொக்கமாக எடுத்துப் போங்கள். கார்டு அறையில் இருக்கட்டும். யூபிஐ இருக்கிற போனை, ஆடாதவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

திங்கள் முதல் வியாழனுக்குள் போனால் நுழைவுக் கட்டணம் குறையும். சாப்பாடும் குடியும் பெரும்பாலும் அதிலேயே அடங்கிவிடும். டிக்கெட்டோடு தருகிற சில சிப்களை வைத்து ஆடலாமே தவிர, கவுண்டரில் நீட்டிக் காசாக்க முடியாது. எது எந்த வகை என்று வாங்கும்போதே கேளுங்கள்.

ஆட்டத்தின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். ரவுலட் சக்கரத்தில் 0 முதல் 36 வரை 37 எண்கள். எல்லா எண்ணிலும் நூறு நூறு ரூபாய் வைத்தால் 3,700. ஜெயித்த எண்ணுக்கு 35 மடங்கு. வைத்த நூறையும் சேர்த்து 3,600 கைக்கு வரும். குறைகிற அந்த நூறுதான் கப்பல்காரர் கூலி. இரட்டைச் சுழி போட்ட சக்கரத்தில் 38 எண்கள், இருநூறு போகும். அந்த மேசையைத் தாண்டி நடந்துவிடுங்கள். நம்ம மங்காத்தாதான் அங்கே அந்தர் பாஹர். தெரிந்த ஆட்டம்தானே என்று உட்காராதீர்கள். முதல் சீட்டு விழுகிற பக்கம் நூறில் 51, 52 தடவை ஜெயிக்கும். அதனால்தான் பல மேசைகளில் அந்தப் பக்கத்துக்கு நூறுக்குத் தொண்ணூறு மட்டும் கொடுக்கிறார்கள்.

செய்யக்கூடாதவை

அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாகப் போய் நிற்காதீர்கள். இருபத்தொன்று ஆகாத கல்லூரிப் பையனை, எங்களோடுதானே வருகிறான் என்று கூட்டிப் போகாதீர்கள். அடையாள அட்டை கேட்பார்கள்.

ஜெயித்ததை முழுசாக உங்கள் பணம் என்று எண்ணாதீர்கள். அதற்கு 30 சதவீதம் வருமான வரி, மேலே செஸ். தோற்றதை அதில் கழிக்கவும் சட்டம் விடாது; திங்கட்கிழமை ஒரு லட்சம் ஜெயித்துச் செவ்வாய்க்கிழமை அதையே விட்டவரும் வரி கட்ட வேண்டியவர்தான்.

ஆடிக்கொண்டே குடிக்காதீர்கள். கிளாஸ் மேசை தேடி வருவது சும்மா உபசாரத்துக்கு அல்ல.

மறுநாள் போதை தெளியாமல் கடலில் இறங்காதீர்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவே குளியுங்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரியில் நீந்திப் பழகியவருக்கும் கடலின் இழுப்பு புதுசுதான். அது உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து முட்டி மோதாமல், கரைக்கு இணையாக நீந்தி விலகி வர வேண்டும்.

கடற்கரையில் பாட்டில் திறக்காதீர்கள். 2019-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி அபராதம் உண்டு. மணலில் அடுப்பு மூட்டிச் சமைப்பதும் கூடாது. வெள்ளை நம்பர் பலகை ஸ்கூட்டரை மலிவு என்று வாடகைக்கு எடுக்காதீர்கள். முறையான வாடகை வண்டிக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும்.

கோவாவில் சரக்கு மலிவு என்று கார் டிக்கியில் பாட்டில் அடுக்கிக்கொண்டு திரும்பாதீர்கள். கார்வாருக்கு முன்னால் மாஜாளி சோதனைச் சாவடியில் வண்டியை ஓரங்கட்டித் திறக்கச் சொல்வார்கள். சரக்கும் போய், கேஸும் வரும். பின்சீட்டில் மாமனார், மாமியார் வேறு உட்கார்ந்திருப்பார்கள்.