அனிமோனைச் சும்மா விடுங்கள்

அனிமோன் வளர்க்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "தொட்டிக்கு என்ன வயசு?" என்பதைத்தான். எத்தனை லிட்டர், என்ன விளக்கு என்பதெல்லாம் அப்புறம். உப்புத் தண்ணீர் நிரப்பி ஆறு மாதம்கூட ஆகாத தொட்டியில் அனிமோனை, அதாவது கடல் சாமந்தியை, இறக்குவது வீண் செலவு. ஒரு வருடம் ஓடியிருந்தால் இன்னும் நல்லது. புதுத் தொட்டியில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா நிலைப்பட்டிருக்காது. அமோனியா இன்றைக்கு ஓர் அளவு, நாளைக்கு ஓர் அளவு என்று ஆடும். மீன் ஓரளவு தாக்குப்பிடிக்கும். அனிமோனுக்குச் செதிலும் இல்லை, ஓடும் இல்லை. பெரும்பாலும் தண்ணீர்தான் அதன் உடம்பு. வெளித் தண்ணீர் கெட்டால் அதுவும் உடனே கெடும்.

வாங்கும்போது நிறத்தைப் பாருங்கள். அனிமோனின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் சர்க்கரைதான் அனிமோனுக்குப் பெரும்பங்குச் சாப்பாடு. பழுப்பு, பச்சை, செம்பழுப்பு என்று நிறம் அழுத்தமாக இருந்தால் பாசி இருக்கிறது என்று அர்த்தம். பளிச்சென்று வெள்ளையாக இருப்பது அழகு இல்லை, பட்டினி. எலுமிச்சை மஞ்சளிலும் ரோஸிலும் மின்னும் சில, வெளுத்துப்போனவற்றுக்குச் சாயம் ஏற்றியவை. ஒரு கடையில் அப்படி ஒரு மஞ்சள் அனிமோனைக் காட்டி "ரேர் பீஸ் சார்" என்று இரட்டை விலை சொன்னார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: "ஒரு துண்டு இறால் குடுத்துக் காட்டுங்க அண்ணே." அனிமோன் சீண்டவே இல்லை. நல்ல அனிமோனின் கைகளில் இறால் பட்டவுடன் ஒட்டிக்கொள்ளும். பக்கத்துக் கைகளும் வளைந்து வந்து மூடும். நடுவில் இருக்கும் வாய் மெல்லத் திறந்து வாங்கிக்கொள்ளும். சாப்பிடாத நேரத்தில் வாய் சுருக்குப் பை போல இறுக மூடியிருக்க வேண்டும். சும்மாவே பிளந்துகிடந்தால் விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். அடியில் இருக்கும் கால் கிழியாமல் இருக்கிறதா என்றும் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

முதல் அனிமோனாக 'பபிள் டிப்' வகையைத்தான் சொல்வேன். கார்ப்பெட் அனிமோன் கம்பளம் விரித்த மாதிரிப் பார்க்கப் பிரமாதமாக இருக்கும். அதில் ஹாடோனி வகை நம் மண்டபம் பக்கத்துக் கடலிலும் உண்டு. செபே என்ற கோமாளி மீன் அதில்தான் குடித்தனம் நடத்துகிறது. ஆனால் அந்த அனிமோனுக்குக் காலைப் புதைக்க ஆழமான மணல் வேண்டும். போதாததற்கு, வழி தவறி மேலே உரசும் மற்ற மீன்களைப் பிடித்து விழுங்கிவிடும். பழகின கைக்கு அது சரி.

சென்னையில் இந்த விஷயத்தில் முக்கால் பங்கு போராட்டம் வெயிலோடுதான். அனிமோனுக்கு 25 முதல் 27 டிகிரி வரை சுகம். மே மாதத்தில் மூடிய அறையில் தொட்டித் தண்ணீர் சர்வசாதாரணமாக 30-ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் பாசிகளை அனிமோன் வெளியே தள்ளிவிட்டு வெளுக்க ஆரம்பிக்கும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தவர்கள் வாங்கிவிடுங்கள். முடியாதவர்கள் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைக்கிறோம். இரண்டு மூன்று டிகிரி குறையும். குறைவது நீர் ஆவியாவதால்தான். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், உப்பு அங்கேயே நிற்கிறது. 200 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் ஏழு கிலோ உப்பு இருக்கிறது என்று வையுங்கள். பத்து லிட்டர் ஆவியானால் அதே ஏழு கிலோ 190 லிட்டரில் நிற்கும். உப்பு லிட்டருக்குக் கிட்டத்தட்ட 37 கிராம் ஆகிவிடும். ஃபேன் ஓடும் கோடையில் இதற்கு ஒரு வாரம்கூட வேண்டாம். ஊருக்குப் போய்த் திரும்புகிறவர்கள் சுருங்கிக் கிடக்கும் அனிமோனைப் பார்த்து நோய் என்று நினைப்பது பெரும்பாலும் இதைத்தான். குறைந்த அளவுக்குத் தினமும் ஆர்ஓ தண்ணீர் ஊற்ற வேண்டும். உப்புத் தண்ணீரை அல்ல, நல்ல தண்ணீரை. மட்டம் குறைந்தால் தானாக ஊற்றும் மிதவைக் கருவி வைத்துவிட்டால் நிம்மதி. உப்பை அளக்க ரிஃப்ராக்டோமீட்டரே சரி. முள் ஆடும் பிளாஸ்டிக் கருவியை நான் நம்புவதில்லை.

மெரினாவில் இரண்டு கேன் பிடித்து ஊற்றினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூவமும் அடையாறும் எங்கே போய்க் கலக்கின்றன என்று யோசித்தால் போதும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரையோரத் தண்ணீரின் உப்பும் இறங்கிவிடும். உப்புப் பொடியை ஆர்ஓ தண்ணீரில் கலக்கி, ஒரு இரவு முழுக்கச் சுழலவிட்டு, மறுநாள் மாற்றுவதே பாதுகாப்பு. வாரம் பத்து சதவீதம் போதும்.

அனிமோனுக்கு நடக்கத் தெரியும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடம் பிடிக்காவிட்டால் கிளம்பிவிடும். இரவு ஒரு மூலை, காலையில் இன்னொரு மூலை. போகிற வழியில் அலை உண்டாக்கும் பம்பின் வாயில் சிக்கினால் கூழாகிவிடும். அந்தக் கூழ் ஒரே நாளில் தொட்டி முழுவதையும் நஞ்சாக்கும். அதனால் அனிமோன் வருவதற்கு முன்பே எல்லா பம்புக்கும் ஸ்பாஞ்ச் அல்லது வலை உறை போட்டுவிட வேண்டும். இறக்கும் அன்று பம்பை நிறுத்தி, விளக்கைக் குறைத்து, பாறை இடுக்குக்குப் பக்கத்தில் காலைப் பதித்து வையுங்கள். அது தானே பிடித்துக்கொள்ளும். நீங்கள் நினைத்த இடத்தில் உட்காரவில்லை என்று பிடுங்கிப் பிடுங்கி வைப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் நான் பார்த்த பெரிய கொடுமை. ஒவ்வொரு தடவையும் கால் கொஞ்சம் கிழியும். கிழிந்த கால் அழுகும். கண்ணாடியில் ஒட்டியதை எடுத்தே ஆக வேண்டுமென்றால், வெளிப்பக்கம் அந்த இடத்தில் ஐஸ் கட்டியைப் பிடியுங்கள். கொஞ்ச நேரத்தில் தானே விலகும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். அனிமோனின் கொட்டும் செல்கள் நம்மை ஒன்றும் செய்யாது என்று அசட்டையாக இருந்து, அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்துவிடக் கூடாது.

சாப்பாடு வாரத்துக்கு இரண்டு தடவை, நகக்கண் அளவு இறால் துண்டு. பெரிய துண்டாகக் கொடுத்தால் விழுங்கிவிட்டு மறுநாள் கக்கும், தண்ணீர் கெடும். சில நாள் அனிமோன் காற்றுப்போன பலூனாகச் சுருங்கி, வாய் வழியாகப் பழுப்பு நிறச் சளியைத் தள்ளும். அது கழிவு, பெரும்பாலும் சில மணி நேரத்தில் பழையபடி விரிந்துவிடும். பதறிப்போய்த் தண்ணீரை மாற்றி, இடத்தையும் மாற்றி, மருந்தும் ஊற்ற வேண்டாம். நாள் கணக்கில் சுருங்கியே கிடந்து, வாயும் பிளந்து, சதை இழை இழையாகப் பிரிந்து, அழுகல் நாற்றம் அடித்தால் அது போய்விட்டது, உடனே எடுத்துவிடுங்கள்.

மருந்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோது தாமிரம் கலந்த மருந்து ஊற்றிய தொட்டி என்றால் அதில் அனிமோன் வேண்டவே வேண்டாம். பாறையும் மணலும் தாமிரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது விஷம்.

அனிமோன் எவ்வளவு காலம் வாழும் என்பதற்கு ஒரு கதை. 1828-ல் ஸ்காட்லாந்துக் கடற்கரையிலிருந்து சர் ஜான் டியெல் என்ற இயற்கை ஆய்வாளர் ஓர் அனிமோனை எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வைத்தார். 'கிரானி' என்று பெயர் பெற்ற அது அவருக்குப் பிறகும் கைமாறிக் கைமாறி 1887 வரை உயிரோடு இருந்தது. பம்பும் இல்லை, ஃபில்டரும் இல்லை. கடல் தண்ணீரை மட்டும் விடாமல் மாற்றி வந்தார்கள். அது குளிர்க்கடல் இனம், சதைக்குள் பாசி இல்லாதது, வெளிச்சம் கேட்காதது. நம் பபிள் டிப்போடு ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் நல்ல அனிமோனுக்கு ஆயுள் எவ்வளவு நீளம் என்பது தெரிகிறதல்லவா? கடையிலிருந்து வந்த சில மாதத்தில் செத்தால் அது முதுமையில் சாகவில்லை.

நீமோ என்கிற கோமாளி மீன் மட்டும்தான் ஆசை என்றால் அனிமோனே தேவையில்லை. பண்ணையில் பொரிந்த கோமாளி மீன்கள் அது இல்லாமலே நன்றாக வாழ்கின்றன. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கடல் ஆய்வு மையங்கள் அவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. அனிமோன்தான் வேண்டும் என்றால், கடலில் பிடித்ததை வாங்காதீர்கள். பபிள் டிப் இரண்டாகப் பிளந்து பெருகும் இனம். வளர்க்கிற யாரிடமாவது சொல்லி வைத்து, தொட்டியிலேயே பிளந்ததை வாங்குங்கள். உங்களுடையது பிளக்கும்போது, கேட்பவருக்கு ஒன்றைக் கொடுங்கள்.