மரவள்ளியும் கால் நரம்பும்

நம் கொல்லிமலையில் விளையும் மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்கிறோம். இக்கிழங்கு ஒரு நரம்பு நோயின் ஆராய்ச்சியிலும் இடம்பெற்றதை அறிவீர்களா?

1938இல் கொங்கோவில் டாக்டர் ட்ரோலி ‘கொன்சோ’ என்னும் நோயை விவரித்தார். நன்றாக நடமாடியவர்களுக்குத் திடீரென இரு கால்களும் விறைத்துப்போகும். பெண்களும் குழந்தைகளுமே இதற்கு அதிகம் ஆளாவர். 1981இல் மொசாம்பிக்கில் கடும் வறட்சி நிலவியபோது 1,100க்கும் மேற்பட்டோரை இந்நோய் தாக்கியது. நோயாளிகளைச் சோதித்தபோது அவர்கள் உடலில் தயோசயனேட் மிகுந்திருந்தது.

இதன் காரணம் என்ன? கசப்பு மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் உண்டு. அது சிதையும்போது சயனைடு நஞ்சு உண்டாகிறது. அந்நஞ்சைத் தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்ற உடலுக்குக் கந்தகம் தேவை. அதைத் தருவது புரத உணவு. பஞ்சத்தில் புரதமும் கிட்டவில்லை. கிழங்கை முறைப்படி பதப்படுத்தும் வரை பசியும் பொறுக்கவில்லை.

விறைத்த கால்களைக் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. தடுப்பதோ எளிது. நாம் சமைத்துண்ணும் இனிப்பு வகையில் நஞ்சு குறைவே. எனினும் தோலை நன்கு நீக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிடுங்கள். பருப்போ முட்டையோ மீனோ சேர்த்து உண்ணுங்கள். வீட்டில் தங்கை தம்பியருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.