ஓடுவதா, சுடுவதா?

கேள்வி: அமெரிக்காவில் ஒருவர் அடிக்க வந்தால் உடனே சுட்டுவிடலாமாமே, நிஜமா?

பதில்: அது எந்த மாநிலத்தில் நடக்கிறது என்பதைப் பொறுத்தது. நியூயார்க்கில், ஆபத்தில்லாமல் தப்ப வழியிருப்பது தெரிந்தால் தப்பிவிட வேண்டும். அங்கே நின்று கொல்லச் சட்டம் விடாது. சொந்த வீட்டுக்குள் விலக்கு உண்டு. வீட்டைவிட்டு எங்கே ஓடுவது?

ஃபுளோரிடா 2005-இல் வேறு பாதையில் போனது. சட்டப்படி இருக்கும் உரிமையுள்ள இடம் தெருவானாலும் பின்வாங்கத் தேவையில்லை. ஆனால், உயிருக்கோ உடலுக்கோ பெரும் ஆபத்து என்று நம்ப நியாயமான காரணம் வேண்டும். ‘கோபம் வந்தது, சுட்டேன்’ எடுபடாது.

2018-இல் அந்த மாநிலத்தின் கிளியர்வாட்டரில், மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் இடத்துக்காக ஒரு கடை வாசலில் வாய்ச்சண்டை. காரிலிருந்த பெண்ணின் துணைவர் கடையிலிருந்து வந்து, சண்டை போட்டவரைக் கீழே தள்ளினார். விழுந்தவர் துப்பாக்கியை எடுத்தார். தள்ளியவர் பின்னால் நகர்ந்தார். ஆனாலும் குண்டு பாய்ந்தது. இந்தச் சட்டத்தைக் காட்டி ஷெரிஃப் முதலில் கைதுகூடச் செய்யவில்லை. பிறகு அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். தள்ளியவர் பின்னால் நகர்ந்தது கேமராவில் பதிவாகியிருந்தது. வழக்கில் அதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. 2019-இல் சுட்டவருக்கு 20 ஆண்டு சிறை.

இவ்வளவுக்குப் பிறகும் 2021-இல் ஒஹாயோ, பின்வாங்கும் கடமையை நீக்கியது.