இலையும் எலெயும்: முன்பருவ எழுத்தறிமுகத்தில் பேச்சுவழக்கின் இடம்

திறவுச்சொற்கள்: முன்பருவக் கல்வி, ஒலியுணர்வு, இரட்டைவழக்கு, உயிரொலித் திரிபு

அரிச்சுவடிகளில் இகரத்திற்கு இலையும் உகரத்திற்கு உரலும் நெடுங்காலமாகப் படங்களாக இடம்பெற்று வருகின்றன. சொல்லின் முதலொலியைப் பிரித்துணர்ந்து, அதனை வரிவடிவத்தோடு இணைக்கும் திறனை மூன்று முதல் ஆறு வயதுவரையுள்ள குழந்தையிடம் வளர்ப்பதே இப்படங்களின் நோக்கமாகும். எனினும் இலையின் படத்தைக் கண்ட குழந்தை வீட்டு வழக்கில் ‘எலெ’ என்கிறது. உரலை ‘ஒரல்’ என்கிறது. முதலொலி யாது என வினவினால் எகரத்தையும் ஒகரத்தையும் சுட்டுவதே அதன் செவிக்கு முறையான விடையாகும். அவ்விடை பிழையெனத் திருத்தப்படும்போது, எத்திறன் வளர வேண்டுமோ அத்திறனையே குழந்தை ஐயுற நேர்கிறது.

இத்திரிபு ஒழுங்குடையது. முதலசையில் வரும் இகர உகரங்கள், ஒற்றை மெய்யை அடுத்து அகரமோ ஐகாரமோ வருமிடத்து, தமிழகப் பேச்சுவழக்குகள் பலவற்றில் எகர ஒகரங்களாக ஒலிக்கின்றன: இறகு – எறகு, உதடு – ஒதடு, விலை – வெலெ, குடை – கொடெ. இட்லி, இஞ்சி, உப்பு, உண்டியல் ஆகியவற்றின் முதலொலி இவ்வாறு திரிவதில்லை. கன்னடத்தில் ‘எலெ’, ‘கொடெ’ என்பனவே எழுத்துவழக்காகவும் நிலவுவதை நோக்க, இவற்றைக் கொச்சையென ஒதுக்குதல் பொருந்தாது. கன்னடக் குழந்தைக்கு இச்சொற்களில் வாயும் ஏடும் ஒத்துச் செல்கின்றன. தமிழ்க் குழந்தையோ எழுத்தையும் எழுத்துவழக்கையும் ஒருசேரக் கற்க வேண்டியுள்ளது.

இச்சுமை எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே அளவினதன்று. கதைநூல் வாசித்துக் காட்டப்படும் வீட்டில் ‘இலை’ முன்னரே செவிக்குப் பழகியிருக்கும். அச்சூழல் வாய்க்காத குழந்தைக்கு அச்சொல் அங்கன்வாடியில்தான் அறிமுகமாகக்கூடும். அவ்வறிமுகமும் ஒரு திருத்தமாகவே அமைந்துவிடலாம்.

ஆகவே இருவழக்கிலும் முதலொலி மாறாத சொற்களே தொடக்கத்திற்கு ஏற்றவை. உப்பைப் படமாக வரைந்து உணர்த்துவது அரிது. உண்டியல் அக்குறையைத் தீர்க்கும். இகரத்திற்கு இட்லி எளிது. டகர மெய்யை அடுத்து லகரம் மயங்குதல் இலக்கண மரபிற்கு மாறெனக் கருதுவோர் ‘இட்டலி’ என எழுதினும் முதலொலிக்கு ஊறில்லை.

இலையையும் உரலையும் விலக்க வேண்டுவதில்லை. ஒலியுணர்வு நிலைபெற்றபின், ‘பேசும்போது எலெ, படிக்கும்போது இலை’ என ஆசிரியர் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டலாம். அதற்கு முன்பே, நாள்தோறும் உரக்க வாசிக்கப்படும் கதைகளின் வழியே ‘இலை’ பலமுறை குழந்தையின் செவியில் விழுந்திருத்தல் வேண்டும்.