முதிய நாயின் மூட்டுத் தேய்வு: அறிவது எப்படி?

மாத்தளைத் தோட்டப்புறங்களில் இரவில் காட்டுப்பன்றி வந்தால் குரைத்து எழுப்புவது எமது நாய்தான். அது நொண்டத் தொடங்கினால், "வயது போய்விட்டது" என்று விட்டுவிடுகிறோம். அது மூட்டுத் தேய்வாக இருக்கலாம். எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு தேய்வதே இந்நோய்.

முதலில் நாம் கவனிக்க வேண்டியவை:

1. படுத்து எழும்போது விறைப்பு. சற்று நடந்ததும் அது குறைதல்.

2. லயத்துப் படியேறத் தயங்குதல்.

3. நோவுள்ள முன்னங்காலை ஊன்றும்போது தலையை உயர்த்துதல்.

4. நோவுள்ள காலின் தசை மெலிதல்.

முனகவில்லை என்பதால் நோவில்லை என்று எண்ணக்கூடாது.

ஒரு வாரம் கவனித்ததை மிருக வைத்தியரிடம் கூறுவோம். அவர் மூட்டை மடக்கி நீட்டி வீக்கத்தையும் அசைவையும் பார்ப்பார். எக்ஸ்ரே படத்தில் மிகையான எலும்பு வளர்ச்சி தெரியும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலை எமக்கு அண்மையிலேயே உள்ளது. உண்ணிகளால் பரவும் காய்ச்சலும் மூட்டைப் பாதிக்கும். எனவே இரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம்.

இரு எச்சரிக்கைகள்: திடீரெனக் கால் இழுத்து, எச்சில் வடிந்தால் நீர்வெறுப்பு நோயாகவும் இருக்கலாம், தொடாதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள். இபுபுரோபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

முதுமைக்கு மருந்தில்லை, நோவுக்கு உண்டு.