சீடை வெடிக்காமல் இருக்கக் கடைக்காரர் அறிய வேண்டியவை

கோகுலாஷ்டமி முடிந்த மறுநாள் மளிகைக் கடைகளில் கேட்கும் புகார் ஒன்று உண்டு. "உங்க கடை மாவுலதான் சீடை போட்டேன் அண்ணாச்சி, எண்ணெயில பட் பட்டுன்னு வெடிச்சிடுச்சு."

இதைச் சிரித்துத் தள்ளிவிடக் கூடாது. கொதிக்கும் எண்ணெய் முகத்திலும் கையிலும் தெறித்தால், அடுத்த ஆண்டு அந்த வீட்டில் சீடை கிடையாது. கடையில் வாங்கிய பாக்கெட்தான் நைவேத்தியம். பச்சரிசி, உளுந்து, எள், வெல்லம், வெண்ணெய், எண்ணெய், ஏலக்காய், பெருங்காயம் என்று நம்மிடம் வரும் சீட்டும் அதோடு நின்றுவிடும். பாக்கெட் சீடையை நாமும் விற்கலாம்தான். அதில் நிற்கும் லாபத்தையும் இந்தச் சீட்டில் நிற்கும் லாபத்தையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பாரிவாக்கம், பூந்தமல்லி, ஆவடி பக்கம் வாடகைக்கும் சொந்த வீட்டுக்கும் புதிதாகக் குடிவரும் சிறு குடும்பங்கள் பல. பக்குவம் சொல்லப் பெரியவர்கள் கூட இருப்பதில்லை. சந்தேகத்தைச் சாமான் வாங்கும் இடத்தில்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்குத்தான் மாதச் சாமான் சீட்டும் வரும்.

சீடை ஏன் வெடிக்கிறது? உருண்டைக்குள் இருக்கும் ஈரம் சூட்டில் ஆவியாகிறது. தண்ணீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். மேல்தோல் இறுகி, ஆவி வெளியேற வழியில்லாமல் போனால் உருண்டை பிளந்து தெறிக்கிறது. மாவில் கட்டி, உடையாத உளுந்துக் குருணை, கரையாத கல் உப்பு, வறுக்காத எள், வெல்லத்தில் உள்ள மண் ஆகிய எல்லாம் இதற்குத் துணை போகும். வழவழவென்று அழுத்தி உருட்டுவதும் தவறு. சீடை லேசாக விரிசலோடு இருப்பதே நல்லது. உருட்டியதைத் துணியில் சற்று உலரவிட்டு, ஊசியால் ஒரு குத்துக் குத்திப் போடுவது பழைய வழக்கம்.

இதில் நம் பங்கு அரிசியில் தொடங்குகிறது. 'சீடைக்கு' என்று கேட்டால் சாப்பாட்டுப் பச்சரிசியை எடுத்துக் கொடுக்காமல் மாவுப் பச்சரிசியைக் கொடுங்கள். ஊறவைத்து, நிழலில் துணியில் பரப்பி, கையில் லேசாக ஈரம் ஒட்டும்போது அரைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஈர அரிசியை எல்லா மாவு மிஷினிலும் அரைத்துத் தர மாட்டார்கள். உங்கள் தெருவில் யார், எந்த நாளில் அரைக்கிறார்கள் என்று தெரிந்து வைத்துக்கொண்டால் நல்லது. பாக்கெட் மாவு கேட்பவரிடம், இடியாப்ப மாவு வேறு, பச்சரிசி மாவு வேறு என்று சொல்லிக் கொடுங்கள். பதப்படுத்திய இடியாப்ப மாவு தண்ணீர் அதிகம் குடிக்கும். பழைய அளவுக்குப் பிசைந்தால் பதம் தவறும்.

உளுந்தில்தான் பெரும்பாலும் கோளாறு. எட்டுப் பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு வறுத்த உளுத்தம் மாவு என்பது பல வீடுகளின் கணக்கு. உளுந்து கூடினால் எண்ணெய் குடிக்கும். குறைந்தால் பல்லை உடைக்கும். கால் கிலோ உளுந்தை மிஷினுக்குக் கொண்டு போக யாரும் விரும்புவதில்லை. மிக்சியில் அரைத்துச் சலிக்காமல் போடுகிறார்கள், வெடிக்கிறது. வறுத்து, அரைத்து, சலித்த உளுத்தம் மாவை 100 கிராம் அளவில் நாமே கொடுத்தால் இந்த வம்பு இல்லை. முன்கூட்டியே பொட்டலம் கட்டி வைப்பதானால் எடை, தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் அச்சிட வேண்டும். பெயர் ஒட்டிய பொட்டல மாவுக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததையும் மறக்க வேண்டாம். கேட்கும்போது எடை போட்டுக் கொடுப்பதற்கு இந்தத் தொல்லை கிடையாது.

வெல்லச் சீடைக்குப் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தைத்தான் கண் தேடும். அந்த நிறம் பல சமயம் 'ஹைட்ரோஸ்' போட்டு வெளுத்ததால் வருவது. சற்றுக் கறுத்த வெல்லத்தையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைச் சொல்லி விற்கலாம். எந்த வெல்லமானாலும் கரைத்து வடிகட்டச் சொல்லுங்கள். உப்பையும் அப்படியே. எண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டின்னிலிருந்து அளந்து ஊற்றுவதை 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளே தடை செய்துள்ளன.

கொள்முதலுக்கு ஒரு வார்த்தை. காலண்டரில் சிவப்பாகப் போட்டிருக்கும் தேதியை மட்டும் நம்பாதீர்கள். அஷ்டமி திதியைப் பார்ப்பவர்கள் ஒரு நாளும், ரோகிணி நட்சத்திரத்தைப் பார்க்கும் வைணவர்கள் வேறொரு நாளும் கொண்டாடுவது உண்டு. சில ஆண்டுகளில் இடைவெளி ஏறக்குறைய ஒரு மாதம் கூட ஆகிவிடும். 2025-இல் கோகுலாஷ்டமி ஆகஸ்ட் 16-ஆம் தேதி வந்தது. ஸ்ரீஜயந்தி கொண்டாடிய பல வீடுகளில் அது செப்டம்பர் நடுவில்தான். முதல் கூட்டத்தோடு சரக்கைத் தீர்த்துவிட்ட கடையில் இரண்டாம் முறை வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. அந்த ஆண்டு விநாயகர் சதுர்த்தி ஆகஸ்ட் 27-ஆம் தேதி. எனவே மீந்த வெல்லமும் எள்ளும் அரிசி மாவும் கொழுக்கட்டைக்குப் போய்விடும். உளுத்தம் மாவு மட்டும் போகாது. மழைக்காலத்தில் ஈரம் கோத்து வண்டு விழும். அதை வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள்.