குளிருக்கு ரம்மா?

கார்த்திகை பிறந்துவிட்டால் தூத்துக்குடி துறைமுகச் சாலையில் எந்த லாரி ஸ்டாண்டில் மருத்துவ முகாம் போட்டாலும் ஒரே பேச்சுதான் காதில் விழுகிறது. "பானிஹால் தாண்டினதும் ஒரு கட்டிங் போட்டுக்கணும் சார். இல்லன்னா குளிரு ஆளைத் தூக்கிரும்." சொல்கிறவர் பழுத்த டிரைவர். வாயைப் பிளந்து கேட்பது முதல்தடவை காஷ்மீர் கிளம்பும் கிளீனர் பையன்.

எத்தனை முறைதான் சொல்வது? மது உடம்பைச் சூடாக்காது, குளிர வைக்கும்.

குளிர் அடித்ததும் தோலுக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கிக்கொள்கின்றன. சூடான ரத்தம் இதயம், மூளை பக்கம் நிற்பதற்கு உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. ரம் உள்ளே போனதும் அந்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது. சூட்டை உணரும் நரம்புகள் தோலில் இருப்பதால் 'ஜிவ்'வென்று இருக்கும். உள்சூடு அந்த நேரம் வெளியே போய்க்கொண்டிருக்கும். வாசலைத் திறந்து போட்டு அடுப்பெரிக்கிற வேலை இது. போதாததற்கு, சூடு உண்டாக்கும் நடுக்கத்தையும் மது அடக்குகிறது. வெறும் வயிற்றில் குடித்தால் ரத்தச் சர்க்கரையும் இறங்கும். 37 டிகிரியில் இருக்கவேண்டிய உடம்பு 35-க்குக் கீழே போனாலே ஆபத்து. அதற்கும் கீழே போனவர்களில் சிலர், உடம்பு எரிகிறது என்று சட்டையைக் கழற்றிப்போட்ட நிலையில் பிணமாகக் கிடைத்திருக்கிறார்கள். சூடாக இருப்பதுபோலத் தோன்றுவதை நம்பாதீர்கள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"மிலிட்டரியில ரம் குடுக்கறாங்களே?" என்று உடனே மடக்குவார்கள். அது மரபு, மருந்தல்ல. குடித்துவிட்டு யாரும் அங்கே பனிச்சாலையில் பதினாறு சக்கர வண்டி ஓட்டுவதில்லை. நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு காத்திருக்கிறது. குளிருக்கு மது என்பதற்குச் சாட்சியாகக் காட்டும், கழுத்தில் பிராந்திப் பீப்பாய் கட்டிய ஆல்ப்ஸ் மலை நாயும் எட்வின் லேண்ட்சீர் 1820-ல் வரைந்த ஓவியத்தால் பரவிய கதைதான்.

இன்னொரு வீம்பு: "கடக்கரைக்காரனுக்குக் குளிரு ஒண்ணும் செய்யாது." நம்மூர்ச் சங்கு குளிக்கிறவர்களைக் கேளுங்கள். 28 டிகிரி தண்ணீரிலேயே நெடுநேரம் கிடந்துவிட்டு ஏறினால் பல் தந்தியடிக்கும். டிசம்பர் 21-ல் தொடங்கி நாற்பது நாள் காஷ்மீரை ஆட்டிவைக்கும் சில்லை கலான் குளிர் ஊர் பார்த்து வராது. பாதை மூடி ஆப்பிள் லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்பதும் அங்கே புதிதல்ல.

மற்றவை சட்டென்று. விறைத்த விரலைப் பனிக்கட்டியால் தேய்ப்பது நெப்போலியனின் ராணுவ மருத்துவர் லாரே 1812 ரஷ்யப் பின்வாங்கலில் கண்ட அனுபவத்திலிருந்து சொன்ன யோசனை; தவறென்று எப்போதோ கைவிடப்பட்டது. தேய்த்தால் தசை கிழியும். 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் முக்குங்கள், மறுபடி உறையும் ஆபத்து இல்லாத இடத்தில். உறைந்த கண்ணாடியில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விழும். டீசலில் மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகாவது தள்ளிப்போகும் என்பது பாதி உண்மை, ஆனால் பம்ப் தேயும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் டீசலை இந்தியன் ஆயில் 2019-லேயே கொண்டுவந்துவிட்டது.

கேபினுக்குள் ஸ்டவ்வைப் பற்றவைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதை மட்டும் சட்டென்று விட முடியாது. கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது, இருமல் வராது. தலைவலி, மயக்கம், அவ்வளவுதான். புகைக்குழாய் பனியில் புதைந்திருக்க எஞ்சினை ஓடவிட்டாலும் இதே கதி.

ரம்மைத் தொடாதே என்று டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். கையில் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? 2025 அக்டோபர் முதல் தயாராகும் லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம்; ஏற்கெனவே ஓடுகிற வண்டிகளுக்கு அந்த விதி இல்லை. வடக்கே லோடு பேசும்போது டீசல், டோல், பேட்டா, மாமூல் வரை கணக்குப் போடும் முதலாளிமார்களே, கம்பளி உள்ளாடை இரண்டு ஜோடி, நல்ல பூட்ஸ், ஒரு பிளாஸ்க், கார்பன் மோனாக்ஸைடு காட்டும் அலாரம் ஒன்று – இவற்றையும் அதே சீட்டில் எழுதுங்கள். அதுவும் கிளீனருக்கும் சேர்த்து.